இலை எதிரியை அறியும் விதம்

விடியற்காலையில் நெல் இலைகளின் ஓரத்தில் கோத்து நிற்கும் நீர்த்துளிகள் எல்லாமே பனித்துளிகள் அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய நீர் இலையில் மிகுந்துவிட்டால், இலை விளிம்பிலுள்ள நுண்ணிய நீர்த்துளைகள் வழியாகப் பயிரே அதை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறியதும் அந்தத் துளியில் ஒரு பங்கு அதே துளைகள் வழியாக உள்ளே இழுக்கப்படும். நெல்லைத் தாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியாவுக்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். துளியில் நீந்தி, துளைக்குள் நுழைந்து, நீர் ஓடும் சைலம் குழாய்களை அடைந்துவிடுகிறது. அங்கே அது பல்கிப் பெருகியபின் நாம் காண்பதுதான் பாக்டீரியா இலைக் கருகல் நோய்.

இலை நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மஞ்சள் கீற்று கீழே இறங்கும். அதன் உள்விளிம்பு நேராக இராமல் அலை அலையாக வளைந்திருக்கும். சில நாளில் இலை வைக்கோல் நிறத்துக்கு வந்து காய்ந்துவிடும். பயிரை இழுத்துப் பார்த்து உரக்குறைபாடா நோயா என்று குழம்பும் விவசாயிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நோய் கண்ட இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுமுனை அமிழும்படி வைத்தால், சற்று நேரத்தில் பால் போன்ற கலங்கல் இழை இழையாக நீரில் இறங்கும். அது முழுவதும் பாக்டீரியாக் கூட்டம். உரக்குறைபாட்டில் இப்படி வராது.

நாற்றுப் பருவத்தில் தாக்கினால் முழுப் பயிரும் வாடிச் சாகும். வளர்ந்தபின் தாக்கினால் பயிர் நிற்கும். ஆனால் கதிர்கள் பால் பிடிக்காமல் பதராகும். விளைச்சலில் 20 முதல் 30 சதவீதம் வரை இழப்பது சாதாரணம். கடுமையாகத் தாக்கிய ஆண்டுகளில் பாதியும் போகும்.

இந்த நோயை உலகுக்கு முதலில் சொன்னவர்கள் ஜப்பானின் ஃபுக்குவோக்கா பகுதி விவசாயிகள், ஆண்டு 1884. மண்ணின் புளிப்புத்தன்மையே காரணம் என்று அப்போது நம்பினார்கள். இலைத்துளிகள் கலங்கியிருப்பதையும் அந்தக் கலங்கலில் பாக்டீரியாக்கள் திரண்டிருப்பதையும் 1908-இல் டகாயிஷி என்ற ஆய்வாளர் கண்டார். இந்தியாவில் 1963-இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் இது பெருவாரியாகப் பரவியது. 1979, 1980 ஆண்டுகளில் பஞ்சாப், ஹரியானா வயல்களை அழித்தது. பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்களுக்கும் இதில் பங்குண்டு. தைச்சுங் நேட்டிவ் 1 போன்ற தொடக்ககால ரகங்கள் இந்த நோய்க்கு எளிதில் இரையாகின. அவற்றுக்குக் கொட்டிய தழைச்சத்து உரத்தால் இலை கொழுத்து, நோய்க்கு இன்னும் வசதியாயிற்று. யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குருத்துப்பூச்சி தன் முட்டைக் குவியலை நாற்றின் நுனியில் இடுவதால், நுனியைக் கிள்ளி எறிவது பூச்சிக்கு நல்ல மருந்து. ஆனால் கருகல் நோய் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு கிள்ளலும் ஒரு திறந்த காயம். அதனால் அங்கே நுனியைக் கிள்ளாதீர்கள் என்று வேளாண் துறை அறிவுறுத்துகிறது.

நோய் வந்தபின் செய்யக்கூடியது குறைவு. பாக்டீரியா குழாய்களுக்குள் இருக்கிறது; மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டுவதில்லை. பசுஞ்சாணக் கரைசலை 20 சதவீத அளவில் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைத் தெளிப்பதும் பல காலமாக நடந்துவந்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் மனிதரின் காசநோய்க்கு எதிரான மருந்து. அதை ஏக்கர் கணக்கில் வயலில் தெளித்து, மண்ணிலும் வாய்க்காலிலும் வாழும் எண்ணற்ற பாக்டீரியாக்களுக்கு அதை எதிர்க்கப் பயிற்சி தருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பயிரே தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத்தான் தேட வேண்டும். அந்த வழி இருக்கிறது என்பதை நெல் இனங்களே காட்டின.

திருவள்ளூர் மாவட்டம் திரூர்க்குப்பம் ஆய்வு நிலையத்தின் டி.கே.எம்.6 என்ற நெல்லில் இந்த நோயை எதிர்க்கும் ஒரு மரபணு இருந்தது. அதற்கு எக்ஸ்ஏ-4 என்று பெயர். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் டி.கே.எம்.6-ஐப் பெற்றோராகக் கொண்டு உருவாக்கியது ஐ.ஆர்.20. நம் தாத்தா தலைமுறை விவசாயிகளுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. ஆனால் ஒரே மரபணுவை லட்சக்கணக்கான ஏக்கரில் வைத்தால், அதை ஏமாற்றும் பாக்டீரியா வகை என்றாவது ஒருநாள் எழும். பிலிப்பைன்ஸில் அப்படித்தான் ஆயிற்று.

புதிய எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டா என்ற காட்டு நெல் வளர்கிறது. நிலத்தடித் தண்டு விட்டுப் படரும் இந்தச் செடியை நெல் விவசாயிகள் களையாகவே பார்க்கிறார்கள். மணிகள் உதிர்ந்துவிடும், விளைச்சலும் சொற்பம். 1970-களின் பிற்பகுதியில் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். தேவதத் இதைச் சோதித்தபோது, கையிலிருந்த எல்லாக் கருகல் பாக்டீரியா வகைகளையும் அது எதிர்த்து நின்றது. லாஸ் பானோஸில் குர்தேவ் சிங் குஷ் இதைப் பயிரிடும் நெல்லோடு கலப்பு செய்யத் தொடங்கினார். பஞ்சாபில் பிறந்த குஷ், ஐ.ஆர்.36, ஐ.ஆர்.64 ரகங்களை உருவாக்கி ஆசியாவின் தட்டில் சோறிட்டவர். காட்டு நெல்லின் மற்ற குணங்களையெல்லாம் கழித்து, எதிர்ப்பை மட்டும் நல்ல நெல்லில் நிலைநிறுத்தப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1990-இல் அவர் குழு எக்ஸ்ஏ-21 என்ற மரபணுவை அறிவித்தது.

அந்த மரபணு எங்கே இருக்கிறது என்பது அப்போது ஓரளவு தெரியும். என்ன செய்கிறது என்பது தெரியாது. அதைத் தேடிப் போனவர் பமேலா ரொனால்ட். மிளகாயைத் தாக்கும் சாந்தோமோனாஸில் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டு நெல்லுக்கு வந்தவர் அவர். 1992-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சேர்ந்தார். 1995-இல் அவரும் வென்-யுவான் சாங்கும் குழுவினரும் எக்ஸ்ஏ-21-ஐத் தனியே பிரித்தெடுத்து சயன்ஸ் இதழில் வெளியிட்டனர். 1,025 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. ஒரு முனை செல்லுக்கு வெளியே நீண்டு, வருவது யார் என்று துழாவுகிறது. மறுமுனை செல்லுக்குள் இருந்து, எதிரி வந்தான் என்ற செய்தியைக் கடத்துகிறது.

செடிக்கு ரத்தம் இல்லை. காவலுக்குச் சுற்றிவரும் வெள்ளையணுக்களும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலில் தானே காவல் நிற்க வேண்டும். அந்தக் காவலுக்கு ஏற்பிப் புரதம் ஒன்று உண்டு என்பதை நெல் இலை காட்டிய மறு ஆண்டில், பழ ஈயின் டோல் புரதம் பூஞ்சையிலிருந்து ஈயைக் காப்பதை ஜூல் ஹாஃப்மன் கண்டார். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதற்கு இணையான ஏற்பியைக் கண்டார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இலையும் ஈயும் எலியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி அமைப்பை வைத்துக்கொண்டுதான் நுண்ணுயிரை அடையாளம் காண்கின்றன என்பது, படித்து எத்தனை காலம் ஆனாலும் எனக்கு வியப்புக் குறையாத செய்தி.

காவலாளி கிடைத்தாயிற்று. அவன் அடையாளம் காண்பது பாக்டீரியாவின் எந்த உறுப்பை? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. பாக்டீரியாவில் சில மரபணுக்களைச் சிதைத்தால் எக்ஸ்ஏ-21 அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது என்பது முதலில் தெரிந்தது. அவற்றில் ஒன்று, புரதத்தில் கந்தகக் குழு ஒன்றை ஒட்டவைக்கும் நொதியை உருவாக்குவது. வேறு சில, சிறு புரதங்களை வெளியே அனுப்பும் வாயிலை அமைப்பவை. ஆக, கந்தகம் ஒட்டிய ஏதோ ஒரு சிறு புரதத்தை பாக்டீரியா வெளியே விடுகிறது, இலை அதைக் கண்டுகொள்கிறது என்ற அளவுக்கு ஊகிக்க முடிந்தது. 2009-இல் ரொனால்ட் குழு அந்தப் புரதத்தைக் கண்டுவிட்டதாக சயன்ஸ் இதழில் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 2011-இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. துறை முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ரோரி ப்ரூயிட், பெஞ்சமின் ஷ்வெஸிங்கர் இருவரும் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்தபோது விடை வரவில்லை. மறுபடி செய்தார்கள், வரவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்த பாக்டீரியா வகைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்ததில் பெயர்ச்சீட்டு மாறிப்போயிருப்பது வெளிப்பட்டது. புரதத்தின் செயலைக் காட்டிய சோதனைமுறையும் நம்பத்தக்கதாக இல்லை. 2013-இல் ரொனால்ட் இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றார். நடந்தது என்ன என்பதைப் பொதுவெளியில் விரிவாக எழுதினார். அந்தக் கண்டுபிடிப்பை நம்பி வேலை செய்துகொண்டிருந்த மற்ற ஆய்வாளர்களுக்கும் தகவல் சென்றது.

ஆய்வுத் துறையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியும். திரும்பப் பெற்ற கட்டுரை பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். நிதி கேட்டுப் போகும் இடத்திலும் அது எழும். அப்படியிருந்தும் பெயர்ச்சீட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தார்கள். 2015-இல் சரியான விடை வந்தது: ராக்ஸ்-எக்ஸ் என்ற மிகச் சிறிய புரதம். கந்தகம் ஒட்டவைக்கும் நொதியின் மரபணுவுக்கு வெகு அருகிலேயே அதன் மரபணு இருந்தது. அளவில் சிறியது என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் கந்தகக் குழு ஒட்டியிருந்தால் இலை விழித்துக்கொள்கிறது. ஒட்டாவிட்டால் இலை பொருட்படுத்துவதில்லை. முந்தைய முடிவைச் சந்தேகித்த ப்ரூயிட்டும் ஷ்வெஸிங்கரும்தான் இந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர்கள். அந்த ஆய்வகத்தின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ராக்ஸ்-எக்ஸை எதற்காக பாக்டீரியா சுமந்து திரிகிறது என்பது இன்னும் சுவையானது. செடிகள் தங்கள் வேர்ச் செல்களை வளரச் செய்யச் சுரக்கும் ஒரு சிறு ஹார்மோனை அது அப்படியே ஒத்திருக்கிறது. செடியின் சொந்தக் கட்டளையைப் போல நடித்து அதன் வளர்ச்சியைத் தனக்குச் சாதகமாகத் திருப்புகிறது என்று கருதுகிறார்கள். காட்டு நெல்லின் எக்ஸ்ஏ-21, தன் ஹார்மோனையும் போலியையும் பிரித்தறிகிறது. சொந்த ஹார்மோனுக்கு அது குரல் எழுப்புவதில்லை.

வயல் இந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. ஏற்பி எதை அறிகிறது என்று தெரிவதற்கு ஏழாண்டு முன்பே, 2008-இல், ஹைதராபாதில் ஒரு நெல் வெளிவந்துவிட்டது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி.5204, அதாவது சம்பா மசூரி, தென்னிந்தியா முழுவதும் விரும்பி உண்ணும் சன்ன ரகம். தமிழ்நாட்டில் இதை ஆந்திரா பொன்னி என்று வாங்குகிறோம். கோயம்புத்தூரில் தேர்வான ஜி.இ.பி.24, அதாவது கிச்சிலிச் சம்பா, இதன் பெற்றோரில் ஒன்று. சோறு அருமையாக இருக்கும். ஆனால் இலைக் கருகலுக்கு முன் நிற்காது. செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ரமேஷ் சொண்டி குழுவும், நெல் ஆராய்ச்சி இயக்ககத்தின் ஆர்.எம். சுந்தரம் உள்ளிட்ட குழுவும் சேர்ந்து இதில் எக்ஸ்ஏ-21, எக்ஸ்ஏ-13, எக்ஸ்ஏ-5 என்ற மூன்று எதிர்ப்பு மரபணுக்களைக் கொண்டுவந்தனர். முறை, பழைய கலப்பு இனவிருத்திதான். ஆய்வகத்தில் மரபணுவைச் செருகவில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டி.என்.ஏ.வைச் சோதித்து, மூன்றும் உள்ள செடியை மட்டும் தேர்ந்தார்கள். கண்ணால் பார்த்து இதைச் செய்யவே முடியாது. எக்ஸ்ஏ-21 ஒன்று இருந்தாலே செடி நோயை எதிர்த்து நின்றுவிடும்; மற்ற இரண்டும் உள்ளனவா என்பதை இலை காட்டாது. அரிசியின் சன்னமும் சுவையும் மாறினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், திரும்பத் திரும்ப சம்பா மசூரியோடே கலந்தார்கள். கிடைத்த ரகத்துக்கு மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்று பெயரிட்டனர்.

மூன்று மரபணுக்களும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. அதனால்தான் இந்தச் சேர்க்கையில் எனக்கு நம்பிக்கை. எக்ஸ்ஏ-21 காவலாளி. மற்ற இரண்டும் எதையும் அடையாளம் காண்பதில்லை, ஒத்துழைக்க மறுக்கின்றன.

பாக்டீரியா, குழாயிலிருந்தபடி, ஊசி போன்ற அமைப்பால் நெல்லின் செல்லுக்குள் டேல் எனப்படும் புரதங்களைச் செலுத்துகிறது. அவை நேராக உட்கருவுக்குப் போய், நெல்லின் டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் உட்கார்ந்து, ஒரு மரபணுவை இயக்கிவிடுகின்றன. எந்த மரபணுவை? ஸ்வீட் எனப்படும், சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே விடும் புரதங்களின் மரபணுவை. களவாட வந்தவன் வீட்டாரையே எழுப்பித் தனக்குப் பந்தி போடவைப்பது போன்றது இது. எக்ஸ்ஏ-13 என்பது ஸ்வீட்-11 மரபணுவின் ஒரு வடிவம்; அதில் டேல் புரதம் உட்காரும் இடம் மாறிப்போயிருக்கிறது. கட்டளை வருகிறது, ஆனால் சர்க்கரை வெளியேறுவதில்லை. எக்ஸ்ஏ-5, மரபணுக்களை இயக்கும் பொதுக் கருவியின் ஒரு பாகம். அதில் 39-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தால் டேல் புரதம் அந்தக் கருவியைப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. நெல் தன் சொந்த வேலைக்கு அதை வழக்கம்போலப் பயன்படுத்துகிறது.

டேல் புரதம் டி.என்.ஏ.வின் எழுத்துகளை எப்படிப் படிக்கிறது என்பதை 2009-இல் ஜெர்மனியில் உல்லா போனாஸ், யென்ஸ் போக் குழுவும், அமெரிக்காவில் மேத்யூ மாஸ்கோ, ஆடம் போக்டனோவ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகு ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் பிடிக்கிறது. அலகுகளை வேண்டியபடி அடுக்கினால், எந்த மரபணுவின் எந்த இடத்துக்கும் செல்லும் புரதத்தைச் செய்யலாம். அதோடு டி.என்.ஏ.வை வெட்டும் நொதியை இணைத்து டேலன் என்ற கருவியைச் செய்தார்கள். 2015-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், மற்ற சிகிச்சைகள் பலனளிக்காத ரத்தப் புற்றுநோயோடு இருந்த ஒரு வயதுக் குழந்தைக்கு, டேலனால் திருத்திய செல்களைச் செலுத்தினார்கள். குழந்தை நோயிலிருந்து மீண்டது. பயிர் நோய் ஆய்வுக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் இந்த ஒரு நிகழ்வைச் சொல்வேன்.

ஸ்வீட்-11 கதிர் மணி நிரம்பவும் தேவை. அதனால் அந்த மரபணுவையே அழித்துவிட முடியாது. டேல் உட்காரும் சில எழுத்துகளை மட்டும் மாற்ற வேண்டும். அதைக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் செய்துகாட்டியது 2019-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு. மூன்று ஸ்வீட் மரபணுக்களின் இயக்குப் பகுதிகளை ஒரே நேரத்தில் திருத்தியிருந்தார்கள். பாக்டீரியாவிடம் எந்தெந்த டேல் புரதங்கள் உள்ளன என்று முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ப எழுத்துகளைத் தேர்ந்தார்கள். எக்ஸ்ஏ-4 காலத்தில் எதிரி மாறிவிட்டதை வயல் கருகியபின்தான் அறிந்தார்கள். இப்போது எதிரியின் கையிருப்பை முன்கூட்டியே எண்ண முடிகிறது.

மாலிக்குத் தர வேண்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ஏ-21-இன் காப்புரிமையால் வருமானம் வந்தால் அதில் ஒரு பங்கு மரபணு பிறந்த நாட்டு மாணவர்களின் கல்விக்குப் போக வேண்டும் என்று ரொனால்ட் முயன்று, டேவிஸ் வளாகத்தில் ஒரு நிதியம் அமைந்தது. காப்புரிமையில் ஆர்வம் காட்டிய நிறுவனங்கள் விதையைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. நிதியமும் நினைத்தபடி நிறையவில்லை. எண்ணம் சரியானது. ஆனால் ஒரு தனி ஆய்வாளரின் நல்லெண்ணத்தை நம்பி இத்தகைய கடனை விட்டுவைக்கக் கூடாது.

இதே மரபணுவை உகாண்டாவின் வாழைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2001-இல் அங்கே தோன்றிய வாழை வாடல் நோய்க்கும் ஒரு சாந்தோமோனாஸ்தான் காரணம். லீனா திரிபாதி குழு எக்ஸ்ஏ-21-ஐச் செலுத்திய வாழைகள் பசுங்குடிலில் நோயைத் தாங்கியதாக 2014-இல் அறிவித்தது.

நெல்லிலேயே ஆப்பிரிக்காவுக்கு இப்போது புதிய நெருக்கடி. 2019-இல் தான்சானியாவின் மொரோகோரோ பகுதி வயல்களில் கருகல் பரவியது. அங்கே பிடிபட்ட பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி ஆப்பிரிக்க வகைகளோடு ஒத்துப்போகவில்லை. ஆசியாவின் வகைகளோடு பொருந்தியது. ஆப்பிரிக்க வகைகள் அறியாத ஸ்வீட்-11-ஐத் திறக்கும் டேல் புரதம் அதனிடம் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் விளையும் கொம்போக்கா என்ற ரகத்தில் ஸ்வீட் இயக்குப் பகுதிகளைத் திருத்தி, ஆசிய வகை, ஆப்பிரிக்க வகை இரண்டையும் எதிர்க்கும் செடிகளை 2023-இல் ஒரு பன்னாட்டுக் குழு உருவாக்கியிருக்கிறது. அந்த விதை மொரோகோரோ விவசாயியின் கைக்குப் போய்ச் சேரும் வேகம், இனி ஆய்வகத்தைவிட அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களையும் விதை வழங்கும் ஏற்பாட்டையும் பொறுத்தது.